படிக்கிற பிள்ளைக்குப் பட்டறை எதற்கு?

படிக்கிற பிள்ளைக்குப் பட்டறை எதற்கு என்று கேளாத தாய் தகப்பன் நம் குடும்பங்களில் அரிது. கல்லூரியில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்த இடத்துக்குக் கட்ட வேண்டிய பணமோ, பி.டி.பி.டி.என். கல்விக் கடனாகப் பிள்ளையின் தலைமேலும், ஈ.பி.எஃப். ஓய்வுக்காலச் சேமிப்பில் விழுந்த குறையாகத் தகப்பனின் முதுமைமேலும் ஏறி நிற்கிறது. இந்த நிலையில், அந்திப்பொழுதில் புத்தகத்தோடு உட்கார வேண்டிய பையன், ஓடாத பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருப்பானாகில், பெற்ற வயிறு கலங்காமல் என்ன செய்யும்? அந்தக் கலக்கத்தைக் குறை கூற எனக்கு மனமில்லை. ஆயினும் அக்கேள்விக்கு நியாயமான ஒரு விடை உண்டு என்பதும், அவ்விடை ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றியது மட்டுமன்று, மனிதன் எதைக் கற்று எவ்வாறு வாழ வேண்டும் என்பதைப் பற்றியது என்பதும் என் அபிப்பிராயம்.

கிள்ளானில் வசிக்கும் என் தங்கையின் மகன் ஷா ஆலத்தில் இயந்திரப் பொறியியல் பட்டயப் படிப்புப் படிக்கிறான். அவன் பிரித்துப் போட்டிருக்கும் வண்டி என் தந்தையாருடையது: எழுபதுகளின் கடைசியில் வாங்கிய ஹோண்டா சி70. மலாயா ரயில்வேயில் ஊழியம் செய்த அவர், பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸிலிருந்து செந்தூல் பட்டறைக்கு அதில்தான் போய் வந்தார். அவர் காலமான பின் தங்கை வீட்டுப் பின்புறத்தில், தகரக் கொட்டகைக்கு அடியில், அது நெடுங்காலம் மழையையும் துருவையும் தாங்கிக் கிடந்தது. மருமகன் அதை முன்பிருந்தபடியே புதுப்பிக்க நினைக்கவில்லை. வெயிலில் வெளிறி விரிந்துபோன முன் மறைப்பை நீக்கி, ஒற்றை இருக்கை அமைத்து, கைப்பிடியைத் தாழ்த்தி, தன் மனத்திலுள்ள வடிவம் ஒன்றை அதற்குத் தர விரும்புகிறான். சட்டகத்தை மட்டும் அவன் வெட்டவில்லை. சட்டக எண்ணும் எஞ்சின் எண்ணும் கெரான் என்னும் பதிவுப் பத்திரத்தில் உள்ளபடி இருக்க வேண்டும், மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும். பெயர் மாற்றமும் பரிசோதனையும் முடிந்த பிறகே வண்டி சாலைக்கு வரலாம். தன் கற்பனை எங்கே தொடங்கலாம், எங்கே நிற்க வேண்டும் என்னும் இந்த எல்லையை இருபது வயதில் ஒருவன் தானே விசாரித்து அறிந்து அதற்கு அடங்கி நடக்கிறான் என்பதே எனக்குச் சிறிய விஷயமாகத் தோன்றவில்லை.

“அண்ணே, நீங்களாவது சொல்லக்கூடாதா?” என்று தங்கை கேட்டாள். சொல்லுவதற்கு முன் பார்க்க வேண்டும் என்று ஒரு மாலை அவனருகே உட்கார்ந்து பார்த்தேன். எழுபத்திரண்டு சி.சி. கொண்ட அந்தச் சிறிய எஞ்சினின் சிலிண்டர், உள்ளங்கையில் அடங்கும் ஓர் இரும்புக் குழல். அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டனின் கழுத்தைச் சுற்றி மெல்லிய வளையங்கள் மூன்று உண்டு. பட்டறைக்காரர் அவற்றை ரிங் என்பர். மேலே உள்ள இரண்டும் வெடிப்பின் அழுத்தம் கீழே கசியாமல் காக்கின்றன. மூன்றாவது, எண்ணெய் மேலே ஏறாமல் வழித்துவிடுகிறது. ஒவ்வொரு வளையத்தின் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு, இரண்டு பங்கு என்ற கணக்கில் இடைவெளி இருக்க வேண்டும். அது போதாமற் போனால், சூட்டில் விரியும் முனைகள் ஒன்றையொன்று முட்டி வளையம் முறியும். மிகுந்து போனால் எண்ணெய் எரிந்து புகை கக்கும். அவன் புதிய ரிங் ஒன்றைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனின் தலையால் கோணாமல் சற்றே உள்ளே தள்ளி, ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டை அந்த இடைவெளியில் நுழைத்து, மூச்சையடக்கிப் பார்த்தான். பிறகு தகட்டை மாற்றிப் பார்த்தான். பிறகு இன்னும் கனமான தகட்டைப் போட்டுப் பார்த்தான். அதுவும் தடையின்றி நுழைந்தது.

காரணம் அவனுக்குத் தெரிந்திருந்தது. பரீட்சைக்கு முந்தைய வாரத்தில், எப்படியாவது ஒரு முறை எஞ்சின் ஓசையைக் கேட்டுவிட வேண்டும் என்ற ஆவலில், தேய்ந்த சிலிண்டரை அளந்து பாராமலே புதிய ரிங்குகளைப் போட்டு மூடியிருக்கிறான். எஞ்சின் உயிர் பெற்றது. ஆனால் வீட்டுப் பின்புறமெல்லாம் புகை மூடிவிட்டது. மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதாயிற்று. சிலிண்டரைக் கடைசலுக்குக் கொடுத்துப் போர் போட்டு, கால் மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனும் அதற்கேற்ற ரிங்குகளும் வாங்க வேண்டும். அதற்குப் பகுதி நேர வேலையில் சேர்த்த வெள்ளி வரவேண்டும். அதற்கு அடுத்த மாதம் வரவேண்டும். இதையெல்லாம் அவன் முறையீடாகச் சொல்லவில்லை. “அளக்காம போட்டுட்டேன் மாமா, அதான்” என்று மட்டும் சொன்னான். அந்த ஒரு வாக்கியத்தில் நான் கண்ட அந்தரங்க சுத்தியை எத்தனையோ கற்றவரிடம் கண்டதில்லை.

எண்ணிப் பார்த்தால், இளமையில் நம்மைச் சோதிக்கிறவர்கள் பெரும்பாலும் மனிதர்கள். மனிதரிடம் சலுகை உண்டு. கட்டுரையை இரண்டு நாள் தாமதித்துக் கொடுக்கலாம். காய்ச்சல் என்று சீட்டு வாங்கலாம். தெரியாத வினாவுக்கும் தெரிந்தவன் போல் எழுதி ஐந்து மதிப்பெண் பெறலாம். இவ்வாறு பெறுவதில் தேர்ந்தவன், தேர்ச்சி என்பதே இதுதான் என்று நம்பத் தொடங்கி, உத்தியோகத்திலும் இல்லறத்திலும் பொதுவாழ்விலும் அதே சாமர்த்தியத்தைப் பிரயோகிக்கிறான். பொருளிடம் இந்தச் சாமர்த்தியம் செல்லாது. வளையத்தின் இடைவெளி சரியாக இருக்கிறது, அல்லது இல்லை. அதற்கு நம் குலமும் கோத்திரமும் தெரியாது. நம் வறுமைக்காக இரங்குவதும் இல்லை, நம் வாக்கு வன்மைக்கு மயங்குவதும் இல்லை. ஏமாற்ற முடியாத ஒன்றின் முன் நின்று பழகிய மனம், நாளடைவில், தன்னையும் ஏமாற்றிக்கொள்ளக் கூசுகிறது. ஒவ்வோர் இளைஞனுக்கும் இத்தகைய வேலை ஒன்றேனும் வேண்டும். அது மோட்டார் சைக்கிளாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வீணையாக இருக்கலாம், தையலாக இருக்கலாம், தோட்டமாக இருக்கலாம். செய்தது தவறென்றால் தவறென்று தானே காட்டிக்கொடுக்கும் வேலையாக இருந்தால் போதும்.

அப்படியானால் கல்லூரி வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும் என்பதற்கு, என் தந்தையாரின் வண்டியில் பெயர் பொறித்திருக்கும் அந்த மனிதரின் வரலாறே பிரமாணம். 1906-இல் பிறந்த சோய்ச்சிரோ ஹோண்டா, இளம் பிராயத்திலேயே தோக்கியோவில் ஒரு கார்ப் பட்டறையில் வேலை பழகி, கைத்திறத்தில் தமக்கு நிகரில்லை என்னும் அளவுக்கு வளர்ந்தவர். முப்பதுகளின் பிற்பகுதியில் பிஸ்டன் ரிங் வார்க்கும் தொழிலில் இறங்கினார். இரவு பகலாக உழைத்தும் வளையங்கள் தேறவில்லை. இறுதியில் ஹமாமட்சு தொழில்நுட்பக் கல்லூரியின் ஆசிரியர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்ட, இதில் சிலிக்கான் போதாது என்று அவர் கூறினாராம். சிலிக்கான் என்பது இன்னது என்றே ஹோண்டா அறியார். உடனே, தொழிற்சாலை முதலாளியாக இருந்த அவர், தம்மைவிட மிக இளையவரோடு அதே கல்லூரியின் பெஞ்சில் மாணவராக உட்கார்ந்தார். வகுப்பில் கேட்டதை வார்ப்புலையில் சோதித்தார். வார்ப்புலையில் எழுந்த ஐயத்தை வகுப்புக்குக் கொண்டுவந்தார். அப்படியும் டொயோட்டா நிறுவனத்துக்குக் காட்டிய ஐம்பது வளையங்களில் மூன்றே தேறின என்பது அவருடைய நிறுவனமே சொல்லும் வரலாறு. யுத்தம் முடிந்த மறு வருஷம், 1946-இல், ராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தந்த சிறு எஞ்சின்களைச் சைக்கிளில் பொருத்தியவரும், 1958-இல் கப் என்னும் சிறு வண்டியை உலகுக்குத் தந்தவரும் இவரே. சீனத்திலிருந்து சிறுவனாகப் பினாங்குக்கு வந்து, பேருந்துகளைக் கழுவிப் பழுதுபார்த்து வாழ்வைத் தொடங்கிய லோ பூன் சியூ அதனை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். அந்த வம்சத்து வண்டிகள் 2017-இல் பத்துக் கோடியைக் கடந்தன.

ஹோண்டா பரீட்சை எழுதாமல் பட்டத்தை இழந்தார் என்பதும் உண்மையே. அதை நம் பிள்ளைகள் பின்பற்ற வேண்டியதில்லை. அவர் கையில் ஒரு தொழிற்சாலை இருந்தது, இவர்கள் கையில் இருப்பது கடன் பத்திரம். பின்பற்றத் தக்கது வேறு: கைக்குத் தெரிந்ததன் காரணத்தை அறிவுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று அவர் கொண்ட தாகம். சில வாரங்களுக்குப் பின் மருமகன் தொலைபேசியில் அழைத்தான். “மாமா, தாத்தா மோட்டார் ரிங்கைப் பத்தித்தான் இன்னைக்கு லெக்சரர் சொன்னாரு” என்றான். உலோகவியல் வகுப்பில், வார்ப்பிரும்பிலுள்ள கரி, சிலிக்கான் போதிய அளவு இருந்தால் கிராஃபைட்டாகப் பிரிந்து படிந்து உராய்வைத் தாங்கும் வழவழப்பைத் தருகிறது என்றும், சிலிக்கான் குறைந்தால் அக்கரி இரும்போடு கூடி எளிதில் நொறுங்கும் கடினப் பொருளாகிவிடுகிறது என்றும் விளக்கியிருக்கிறார்கள். மற்ற மாணவருக்கு அது குறிப்பேட்டில் ஒரு வரி. அவனுக்கு, விரல் நுனியில் பல நாள் உருட்டிப் பார்த்த ஒரு பொருளின் உட்பொருள். பட்டறை படிப்பைக் கெடுக்கவில்லை. படிப்புக்கு வேண்டிய பசியைத் தந்தது.

நம்மவரிலும் இதற்கு உதாரணம் இல்லாமலில்லை. 1893-இல் கோயம்புத்தூரை அடுத்த கலங்கலில் பிறந்து, ஆரம்பப் பள்ளியைத் தாண்டாத ஜி. டி. நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஏறிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு மனம் பறிகொடுத்தார். கோயம்புத்தூருக்குச் சென்று, ஓட்டலில் பரிமாறும் வேலை செய்து, பணம் சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கி, பிரித்துப் பிரித்துப் பூட்டி அதன் ரகசியத்தைக் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் ஓட்டிய பேருந்தும், பின்னர் அவர் நிறுவிய பெரும் போக்குவரத்துத் தொழிலும், எண்ணற்ற கருவிகளும் அந்தப் பிரிப்பிலிருந்து பிறந்தவையே. பள்ளிப் படிப்பில்லாமல் வென்ற அம்மனிதர் பள்ளியே வேண்டாமென்று சொல்லவில்லை. 1945-இல் கோவையில் தொழில்நுட்பப் பயிற்சிக்கும் பொறியியலுக்கும் கல்விக்கூடம் உண்டாகக் காரணமானார். ஆனால் கல்வி கருவிகளை விட்டு விலகி ஆண்டுகளை நீட்டிக்கொண்டே போவதை அவர் ஏற்கவில்லை. அந்தக் கருத்து வேறுபாட்டால் அதிலிருந்து விலகவும் செய்தார். கை தனித்தும் மூளை தனித்தும் வளரும் கல்வி பாதிக் கல்வி என்பதே அவர் வாழ்ந்து காட்டிய பாடம்.

இவற்றையெல்லாம் அறிந்தும் நம் மக்கள் மனம் எண்ணெய்க் கையைக் கண்டால் சுருங்குகிறது. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையோரம் குடியிருந்த எம் முன்னோரும், கிள்ளானைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவரும், போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவரும், கையால் உழைத்தது விரும்பியன்று, வேறு வழியில்லாமல். கையுழைப்பு அவர்களுக்குக் கூலியையும் கங்காணியின் அதட்டலையும் தவிர வேறு கௌரவத்தைக் கொடுக்கவில்லை. ஆதலின் தம் மக்கள் மேசையில் உட்கார்ந்து பேனா பிடிக்க வேண்டும் என்று அவர்கள் விரதம் பூண்டது நியாயமே. அந்த விரதம் இல்லாவிடில் இதை எழுத நான் இல்லை, படிக்கக் கல்லூரிக்குப் போக மருமகனும் இல்லை. அவர்கள் வாழ்ந்த குவார்ட்டர்ஸ் இன்று இடிந்து போயிற்று. பழைய ரயில் யார்டு இருந்த இடத்தில் 2001 முதல் கே.எல். சென்ட்ரல் நிற்கிறது. கட்டாயத்தால் செய்த உழைப்பின் காயம் மட்டும் நம் மனத்தில் இன்னும் ஆறவில்லை. ஆனால் கட்டாயத்தால் ஸ்பானரைப் பிடிப்பதும் விருப்பத்தால் பிடிப்பதும் ஒன்றன்று. தாத்தாவுக்கு விதியாக வந்த வேலை பேரனுக்கு வித்தையாக வருமானால், அது இறக்கமன்று. அந்தக் கைகளுக்குக் காலம் கடந்து செய்யும் மரியாதை.

இன்னொரு பயம் உண்டு. அது மெய்யான பயம். மலேசியாவில் சாலை விபத்தில் மாள்வோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே எழுபதுகளில் தனித்தடம் போட்டதும், 1973-இல் தலைக்கவசத்தைச் சட்டமாக்கியதும் இந்தத் துயரம் கருதியே. பிள்ளை வீடு திரும்பும் வரை வாசலில் நிற்கும் தாயிடம் தத்துவம் பேசுவது கொடுமை. ஆயினும் ஒன்று சொல்வேன். கடையில் வாங்கிய வேகத்தில் பறக்கிறவனுக்கும், பிரேக் கட்டையைத் தன் கையால் தேய்த்துப் பொருத்தி, ஒவ்வொரு நட்டையும் தானே முடுக்கி, எந்தப் பாகம் எந்த அளவுக்குத் தாங்கும் என்று அறிந்தவனுக்கும் வித்தியாசம் உண்டு. பொருளின் எல்லையை அறிந்தவன் அதனிடம் வரம்பு மீறிக் கேட்கத் தயங்குவான். இந்தத் தயக்கம் எல்லோருக்கும் வந்துவிடும் என்று நான் உறுதி கூறவில்லை. வருவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் இது. பிள்ளையிடம் கண்டிப்பாகக் கேட்க வேண்டியதைக் கேளுங்கள்: பாடத்தில் தேறவேண்டும், கடன் வாங்கி உதிரிப்பாகம் வாங்கக் கூடாது, பத்திரம் செம்மையாகாமல் வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது, பிறர் கண்ணுக்காக அன்றித் தன் மனச்சாட்சிக்காகச் செய்ய வேண்டும். இவற்றுக்கு அவன் உட்பட்டால், கொட்டகையைப் பூட்டாதீர்கள். பரீட்சை முடிவு வரும்போது எத்தனை மதிப்பெண் என்று கேட்கிற நீங்கள், ஒரு மாலை அவனருகே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, இந்தப் பாகம் எதற்கு, ஏன் இப்படி இருக்கிறது என்றும் கேளுங்கள். அவன் சொல்லும் விடையில், நீங்கள் கட்டிய கல்லூரிக் கட்டணம் வீண் போகவில்லை என்பது உங்களுக்கே விளங்கும்.