பிரிபடாத பாகம்

அடுக்குமாடி வீட்டின் கிரயப் பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று ஒரு சொல் வரும். மனையில் எனக்கு இத்தனை சதுர அடி உண்டு. ஆனால் இதுதான் என்னுடையது என்று கோடு கிழித்துக் காட்ட முடியாது. பொறுப்பு பற்றி யோசிக்கையில் எனக்கு இச்சொல்லே நினைவுக்கு வருகிறது.

நான் இருப்பது வேளச்சேரியில். ஏரியின் உபரி, பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போய், ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கோவளத்தில் கடல் சேரவேண்டிய பாதை. 2015 டிசம்பரில் தரைத்தளத்தில் நீர் புகுந்தபோது செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டவர்களைச் சபித்தோம். செம்பரம்பாக்கத்து உபரி போவது அடையாற்றில், எங்கள் நீர் வடியவேண்டியது சதுப்பில் என்று யாரும் யோசிக்கவில்லை. பிறகு குடியிருப்போர் சங்கம் கூடி, கட்டிட இடிபாட்டைக் கொட்டி வளாகத்தை இரண்டடி மேடாக்கத் தீர்மானித்தது. நானும் கையெழுத்திட்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. எங்கள் வாசலைத் தாண்டி நீர் வரவில்லை. பின்புறத்துப் பழைய ஓட்டு வீட்டில் இடுப்பளவு நின்றது. அந்த அம்மாள் எங்கள் மாடிப்படியில் இரவைக் கழித்தார். காலையில் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

யார் பொறுப்பு? கட்டியவரிடம் அனுமதி இருக்கிறது. அனுமதித்தவரிடம் விதி இருக்கிறது. என்னிடம் பத்திரம் இருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆயிரம் பேர் செய்ததை ஆயிரத்தால் வகுத்தால் என் பங்கு ஒரு குவளை நீர்கூட ஆகாது. இந்தக் கணக்கில்தான் மோசடி. வங்கியில் கடன் வாங்கும்போது என் பாகத்தை முழுச் சொத்தாகக் காட்டுகிறேன். அதே மண்ணால் பிறத்தியாருக்கு நேர்ந்த தீங்கை மட்டும் வகுத்துக் குறைத்துக்கொள்கிறேன். உடைமை பிரிபடாததென்றால் பொறுப்பும் அப்படித்தான்.

காலமும் இந்த மோசடிக்குத் துணை. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்தது தியாகராய நகர். இன்று அதை ஆக்கிரமிப்பு என்பார் இல்லை. ஆனால் 2015 வெள்ளத்துக்குப் பின் ஆற்றங்கரைக் குடிசைக்காரர்களை ஆக்கிரமிப்பாளர் என்று அப்புறப்படுத்தி, அதே சதுப்பின் ஓரத்திலிருக்கும் பெரும்பாக்கத்தில் குடியேற்றினோம். காகிதம் உள்ளவன் உரிமையாளன், இல்லாதவன் ஆக்கிரமிப்பாளன். தார்மீகத்துக்கும் இந்த வேறுபாட்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

குற்ற உணர்ச்சியால் ஒரு பயனுமில்லை. அந்த அம்மாளின் சுவர் அதனால் காயாது. அவர் வீட்டு நீர் வடிய, எங்கள் கார் நிறுத்துமிடத்தின் ஊடே வாய்க்கால் வெட்டலாம் என்று சங்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் காரும் அங்கேதான் நிற்கிறது. இதுவரை இரண்டு கையெழுத்து.