கேட்டு வாங்கும் கொடை

ஜூலை 1 ரோட்டரி சங்கங்களுக்குப் புத்தாண்டு. புதிய தலைவர் பதவியேற்கிறார், பொன்னாடைகள் கைமாறுகின்றன, மாவட்டப் பொறுப்பாளர் மைக்கைப் பிடித்து வழக்கமான வேண்டுகோளை வைக்கிறார்: உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஆண்டும் ரோட்டரி அறக்கட்டளைக்குக் கொடுக்க வேண்டும். கட்டாயமில்லை. ஆனால் கணக்கு உண்டு. உறுப்பினர் அனைவரும் தலைக்குக் குறைந்தது 25 டாலர் கொடுத்து, சங்கத்தின் சராசரி 100 டாலரைத் தொட்டால் அந்தச் சங்கத்துக்குத் தனி அங்கீகாரம் கிடைக்கும். ஒருவர் பெயரில் 1,000 டாலர் சேர்ந்தால் அவர் பால் ஹாரிஸ் ஃபெலோ. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பின் வரும். பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் தேங்காய் வியாபாரிக்கும் பல் மருத்துவருக்கும் அப்போது இரண்டு கேள்விகள் எழும். கணக்கு வைத்து, மேடையில் பெயர் வாசித்து வாங்குவது கொடைதானா? பக்கத்தில் முதலமடை போன்ற தேவை மிகுந்த ஊர் இருக்க, அமெரிக்காவில் இருக்கும் அறக்கட்டளைக்கு எதற்கு அனுப்ப வேண்டும்?

இரண்டுமே நேர்மையான கேள்விகள். முதலமடையிலிருந்தே தொடங்கலாம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டை ஒட்டிக் கிடக்கும் பெரிய பஞ்சாயத்து அது. பொள்ளாச்சியிலிருந்து போனால் கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியிலேயே அதன் எல்லை வந்துவிடும். பறம்பிக்குளம் புலிகள் காப்பகமும் இந்தப் பஞ்சாயத்தில்தான் வருகிறது. மற்ற ஊர்களில் மா பூத்துக்கொண்டிருக்கும்போதே இங்கே காய் பறிப்பு தொடங்கிவிடும். முதல் வரத்து என்பதால் வடநாட்டுச் சந்தைகளில் நல்ல விலை. பூ கருகிய ஆண்டில் தோப்புக் கூலிக்குப் போகிறவர்களின் வீட்டில் அடுப்பு எரிவதே சிரமம். தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் தண்ணீர்க் குழாயிலும் டீக்கடையிலும் சக்கிலியர் மக்களுக்குத் தீண்டாமை காட்டப்படுவதாக 2017இல் எழுந்த புகார் கேரளம் முழுக்கப் பேசப்பட்டது.

இப்படிப்பட்ட ஊரின் தேவைகள் ஒருமுறை கொடுத்துத் தீர்கிறவை அல்ல. சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம். பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் ஃபுளோரைடும் அதிகம். இங்கே ஒரு பள்ளிக்கு ஆர்.ஓ. இயந்திரம் கொடுப்பது நல்ல காரியம்தான். ரிப்பன் வெட்டுவார்கள், இயந்திரத்தின் நெற்றியில் சங்கத்தின் சக்கரச் சின்னம் ஒட்டியிருக்கும். ஆறேழு மாதத்தில் முதல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட தண்ணீரில் மெம்பரேன் இரண்டு வருடம் தாங்கினாலே அதிகம். மாற்றச் சில ஆயிரம் ரூபாய் வேண்டும்; தலைமையாசிரியர் அதை எந்தக் கணக்கில் எழுதுவார்? கொடுத்த சங்கத்திலோ அதற்குள் தலைவர் மாறியிருப்பார். புதுத் தலைவருக்குப் புதுத் திட்டம் வேண்டும். பழைய இயந்திரத்துக்கு மெம்பரேன் வாங்கிக் கொடுத்தால் பத்திரிகையில் படம் வராது. சக்கர நாற்காலியின் டயர், தையல் இயந்திரத்தின் பெல்ட், கண் முகாமில் அறுவை செய்துகொண்ட பாட்டி மறு பரிசோதனைக்குப் போய்வர பஸ் காசு என்று எதை எடுத்தாலும் இதே நிலைமை.

பத்தாம் வகுப்பு வரை கட்டணம் கட்டிவிட்டுப் பதினொன்றில் நிறுத்தினால் அந்தப் பிள்ளையின் குடும்பம் கடன் வாங்கித்தான் தொடர வேண்டும். உதவியை நம்பி ஒருவர் தன் வாழ்க்கையை ஒழுங்குபடுத்திக்கொண்ட பிறகு அதைப் பாதியில் விடுவது, கொடுக்காமலே இருந்ததைவிடக் கெடுதல் செய்யும். தேவை ஆண்டுதோறும் வருகிறது என்றால் கொடுப்பதும் ஆண்டுதோறும் வந்தாக வேண்டும். மனம் இளகிய நாளில் பையைத் திறக்கிறவரைவிட, இளகாத ஆண்டிலும் தன் பங்கைக் கட்டுகிறவரே ஏழைக்கு உறுதுணை. இந்த அளவில் அந்த ஜூலை மாத வேண்டுகோள் நியாயமானது.

கேட்டு வாங்கினால் கொடையின் மதிப்பு போய்விடுமா? விருதுநகரைப் பார்க்கலாம். அங்கே நாடார் வணிகர்கள் தங்கள் வியாபாரத்தில் மகமை என்று ஒரு சிறு பங்கைப் பொது நிதிக்கு ஒதுக்கினார்கள். வீடுகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்தார்கள். அந்தப் பிடி அரிசியில் நடந்த க்ஷத்திரிய வித்தியாசாலையில்தான் காமராஜர் படித்தார். மகமையை யாரும் தன் விருப்பப்படி கொடுக்கவில்லை. அது உறவின்முறை என்ற சாதி அமைப்பின் கட்டுப்பாடு. கொடுத்தவரை வள்ளல் என்று யாரும் புகழவும் இல்லை. பள்ளிக்கூடம் மட்டும் நடந்தது. மனம் கனிந்து கொடுத்தால்தான் அறம் என்பவர்கள், அந்தப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு என்ன சொல்வார்கள்? மகமை ஒரு சாதியின் நிதி, அதன் அதிகாரமும் அந்தச் சாதிக்குள்ளேயே நின்றது என்ற குறை உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை.

மகமையில் இன்றைய சங்கங்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வியாபாரம் குறைந்தால் மகமையும் குறையும். 25 டாலர் அப்படிக் குறையாது. இன்றைய மதிப்பில் அது இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல்; மில் முதலாளிக்கும் ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் ஒரே கோடு. கடைக்காரருக்கு ஒரு வருடம் முடியாமல் போகிறது. அனைவரும் கொடுத்தார்கள் என்ற நூறு சதவீதம் நழுவிவிடக் கூடாதென்று வசதியுள்ள இன்னொருவர் அவர் பெயரில் கட்டிவிடுகிறார். பணம் நல்ல காரியத்துக்குத்தான் போகிறது என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் அவர் கொடுக்காததைக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார்கள், அது சங்கத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு அவர் எந்த முகத்தோடு வருவார்? இந்தச் சங்கடத்தை அவருக்குக் கொடுத்தது அங்கீகாரத்தின் மேலுள்ள ஆசை. எந்த ஏழையின் தேவையும் அல்ல. வருமானத்துக்கு ஏற்ப அவரவர் தொகையைத் தனியாகச் சொல்லச் செய்வதும், மேடையில் பெயர் வாசிப்பதை நிறுத்துவதும் இதற்கு எளிய மாற்று. நூறு ரூபாய் சொன்னவரும் கொடுத்தவரே. தனி அங்கீகாரம் வராமல் போனால் போகட்டும்.

இனி, இரண்டாவது கேள்வியான தூரத்துக்கு அனுப்புவதைப் பற்றி. 1917இல் அட்லாண்டாவில் நடந்த ரோட்டரி மாநாட்டில் அன்றைய தலைவர் ஆர்ச் கிளம்ப் ஒரு நிரந்தர நிதியை உருவாக்கலாம் என்றார். முதலில் வந்தது கான்சாஸ் சிட்டி சங்கத்தின் 26 டாலர் 50 சென்ட். அது வளர்ந்துதான் இன்றைய அறக்கட்டளை. ஆண்டு நிதிக்கு வரும் பணம் மூன்று ஆண்டுகள் முதலீட்டில் இருக்கும். பிறகு ஏறக்குறைய பாதி உலக நிதிக்கும், மறுபாதி கொடுத்தவர்களின் ரோட்டரி மாவட்டத்துக்கும் வரும். ஆகவே, அனுப்புகிற பணம் முழுவதும் கடல் கடந்து போய்விடுகிறது என்பது சரியல்ல.

போகிற பாதிக்கும் நியாயம் உண்டு. 1985இல் ரோட்டரி போலியோவை ஒழிக்க இறங்கியது. போலியோ நிதியின் கணக்கு தனி, ஆனால் கொடுப்பதன் தத்துவம் ஒன்றுதான். 2009இல் இந்தியாவில் மட்டும் 741 பேருக்குப் போலியோ வந்தது. இயற்கைப் போலியோ கிருமி தாக்கிய கடைசி நோயாளி மேற்கு வங்காளத்து ஹவுராவைச் சேர்ந்த ஒரு சிறுமி. அது 2011 ஜனவரி 13. கிருமி சோதனைச் சாவடியில் நிற்பதில்லை. வங்காளத்தில் அது இருந்தவரை முதலமடைக் குழந்தைக்கும் காப்பு இல்லை. இலங்கையில் போர் நடந்த காலத்தில், அங்கே ரோட்டரியின் போலியோ பணிக்குத் தலைமை வகித்த கே.ஆர். ரவீந்திரன் வடக்கே இருந்த போராளிகளோடு பேசி, சொட்டு மருந்து நாட்களில் துப்பாக்கிகளை ஓயவைக்க உதவினார். அந்த நாட்களில் மருந்து குடித்த பிள்ளைகளின் பெயர், எங்கோ இருந்து பணம் கொடுத்தவர் ஒருவருக்கும் தெரியாது. முகம் தெரியாதவருக்குக் கொடுப்பதில், நன்றி எதிர்பார்க்கும் ஆசை தானாகவே அற்றுவிடுகிறது. அந்த வகையில் அது கொடுப்பவருக்கும் நல்ல பயிற்சி.

கொடையால் ஈடுசெய்ய முடியாததும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் இந்த விவாதம் முழுமையாகாது. முதலமடையில் உடல், மன வளர்ச்சி குன்றிப் பிறந்த குழந்தைகளின் பெற்றோர், மாந்தோப்புகளில் அடித்த எண்டோசல்பான் பூச்சிமருந்தைத்தான் பல ஆண்டுகளாகக் குற்றம் சாட்டுகிறார்கள். உச்ச நீதிமன்றம் 2011இல் நாடு முழுவதும் அந்த மருந்தைத் தடை செய்தது. இன்றும் வேறு மருந்துகள் அடிக்கப்படுகின்றன. மருந்தடிக்கிற கூலிக்காரருக்குக் கையுறையும் முகக்கவசமும் வாங்கித் தராத தோப்புக்காரர் ஒருவர், மருத்துவ முகாமுக்கு அள்ளிக் கொடுத்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? பணத்தை வாங்கலாம், அது யாருக்காவது உதவும். ஆனால் வாங்குகிற சங்கம் கையுறையைப் பற்றி அவரிடம் பேசியே ஆக வேண்டும். ஒரு காரியம் சம்பந்தப்பட்ட அனைவருக்கும் நியாயமாக இருக்கிறதா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும்படி ரோட்டரியின் நால்வழிச் சோதனை சொல்கிறது. அந்தக் கூலிக்காரரும் சம்பந்தப்பட்டவரே.

அரசின் கடமைக்கும் கொடை ஈடாகாது. பறம்பிக்குளம் பகுதி ஆதிவாசிகள் தங்கள் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வரவே சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டைச் சுற்ற வேண்டியிருந்தது. 2020 காந்தி ஜெயந்தி அன்று தேக்கடிக் காலனி மக்கள் காட்டுக்கு வெளியே உள்ள செம்மணாம்பதிக்குத் தாங்களே நேர்ப் பாதை வெட்டக் கிளம்பினார்கள். இந்தத் தேக்கடி இடுக்கியில் இருப்பதல்ல, முதலமடைப் பஞ்சாயத்தின் காட்டுக்குள் இருப்பது. சாலை அவர்களுக்குச் சேர வேண்டிய உரிமை. நலத்திட்டமாக வழங்கினால் உரிமை சலுகையாகச் சுருங்கிவிடும். அங்கே சங்கம் செய்யத்தக்கது மனு எழுதுவதும், உடன் போய் அலுவலகத்தில் உட்காருவதும்தான். அதற்குப் பணம் அதிகம் ஆகாது, நேரம் ஆகும்.

ஆகவே, ஆண்டுதோறும் கொடுங்கள் என்று கேட்பது சரி, அறக்கட்டளைக்கு அனுப்புவதும் சரி. ஆனால் அதோடு நின்றுவிடுவது போதாது. அறக்கட்டளையின் மானிய விதிகள் மாதச் சம்பளம், பராமரிப்பு போன்ற தொடர் செலவுகளுக்கு எளிதில் இடம் கொடுப்பதில்லை. முதலமடைக்கு மிகவும் வேண்டியவையோ அவைதான். ஒவ்வொரு சங்கமும் உறுப்பினரிடம் கேட்கும் ஆண்டுத் தொகையில் ஒரு பங்கை, தான் ஏற்கெனவே கொடுத்தவற்றைக் காப்பாற்றும் உள்ளூர் நிதியாகப் பிரித்து வைக்கலாம். தலைவர் மாறினாலும் மாறாத நிதியாக அது இருக்க வேண்டும். மெம்பரேனும் டயரும் பஸ் காசும் அதிலிருந்து போகட்டும். அதைச் செலவிடுவது பற்றி முடிவெடுக்கும் கூட்டம் நட்சத்திர ஓட்டலில் நடக்க வேண்டியதில்லை; கோவிந்தாபுரத்தில், ஒரு பள்ளி வகுப்பறையில், அம்பேத்கர் காலனிப் பெண்கள் கூலி முடிந்து வருகிற மாலை நேரத்தில் நடக்கலாம். புது இயந்திரம் வேண்டாம், காலனிப் பிள்ளைகளுக்குச் சாயங்கால வகுப்பெடுக்க ஓர் ஆசிரியர் போதும் என்று அவர்கள் சொன்னால், அந்தச் சம்பளத்தை எத்தனை வருடத்துக்குத் தர முடியும் என்பதை அங்கேயே கணக்குப் போட்டு அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.