தருவதும் தரவேண்டியதும்

சிறுதொழில் செய்வோருக்குப் பொதுப்பணத்திலிருந்து உதவுதல் தகுமா என்னும் வினா அவ்வப்போது எழுகின்றது. வலுவுள்ளவர் சந்தையில் நிற்கட்டும், இல்லாதவர் விலகட்டும் என்பர் ஒரு சாரார். எளியவர்மீது இரக்கம் காட்டுவது அரசின் பொறுப்பு என்பர் மற்றொரு சாரார். இரு சாராருமே சிறுதொழில் செய்பவரைக் கையேந்தி நிற்பவராகக் காண்கின்றனர். அப்பார்வை சரிதானா எனச் சிந்திப்போம்.

ஒரு லேத் பட்டறையை எண்ணிப் பார்ப்போம். உரிமையாளரோடு இரண்டு தொழிலாளர். பெரிய ஆலை ஒன்றுக்கு உதிரிபாகம் கடைந்து தருகின்றனர். இரும்புக் கடைக்காரருக்கு உடனே பணம் தரவேண்டும். சனிக்கிழமை கூலி தரவேண்டும். விற்பனைச் சீட்டுக்குரிய சரக்கு சேவை வரியையும், பணம் கைக்கு வராவிட்டாலும், தவணையில் கட்டியாக வேண்டும். ஆலையின் பணமோ மூன்று, நான்கு மாதங்கள் கழித்தே வருகின்றது. அதுவரை அவர் வட்டிக்கு வாங்கிக் காலந்தள்ளுகிறார். இங்கே யார் யாருக்கு உதவுகிறார்? வட்டியின்றி ஆலைக்கு முதல் கொடுத்திருப்பவர் அந்தப் பட்டறைக்காரரே அன்றோ!

ஏழையின் திரிகைக்கல்லை அடகாகப் பெறலாகாது என இணைச்சட்ட நூல் (24:6) விதிக்கின்றது. அது அவரது பிழைப்பையே பறிப்பதாகும். நம் நாட்டில் 2000இல் தொடங்கிய கடன் உத்தரவாத நிதியும், 2015இல் பத்து இலட்சம் ரூபாய் வரை பிணையின்றிக் கடன் வழங்க வந்த முத்ரா திட்டமும் இந்நெறிக்கு அருகில் நிற்பவை. பொதுப்பணம் வீணாகலாம், சலுகை போய்விடுமென அஞ்சிச் சிலர் வளராமலே இருந்துவிடலாம் என்னும் எச்சரிக்கையிலும் உண்மை உண்டு. சிறிய அமைப்பு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளாமல் துணைநிற்க வேண்டும் எனத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931இல் கற்பித்தது, உதவிக்குரிய அளவுகோலை நமக்குக் காட்டுகின்றது.

ஆயினும், உரிய பணம் உரிய நாளில் வந்திருப்பின் அந்தக் கடனில் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்? குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை, எழுத்தில் உடன்படிக்கை இருப்பினும், 45 நாட்களுக்குள் செலுத்த வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு. அவ்வாறு நிலுவையாகும் தொகையை, உண்மையில் செலுத்திய ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாம் என்னும் விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் முறையிடுபவருக்கு அடுத்த ஆர்டர் கிடைக்குமா? சட்டம் உரிமையைத் தந்துள்ளது. அதைக் கேட்கும் துணிவை அதனால் தர இயலவில்லை.

பிறரைச் சுட்டும் விரல் நம்மையும் சுட்டுகின்றது. சில ஆண்டுகளுக்குமுன் நம் ஆலயத்திற்கு இரும்புக் கதவு செய்து தந்த பட்டறைக்காரருக்கு, திருவிழா முடியட்டும், கணக்குப் பார்க்கட்டும் எனச் சொல்லி ஐந்து மாதம் கழித்தே பணம் தந்தோம். சாமியாரிடம் எப்படிக் கேட்பது என அவர் தயங்கியிருக்கிறார். மனைவியின் வளையல்களை அடகு வைத்தே அம்மாதங்களைக் கடத்தினார் எனப் பின்னரே அறிந்தோம். அதே திருவிழாவில் ஏழைப் பெண்களுக்குத் தையல் இயந்திரங்கள் வழங்கிப் படமும் எடுத்துக்கொண்டோம்!

தமிழில் கடமைக்கும் வாங்கிய பணத்திற்கும் கடன் என்னும் சொல் ஒன்றே. கொடுப்பதில் மகிழ்ச்சி உண்டு, புகழும் உண்டு; கொடுக்க வேண்டியதைக் கொடுப்பதற்கு எவரும் மாலை சூட்டுவதில்லை. ஆயினும் அதுவே முதலில் செய்யத்தக்கது. தச்சர், அச்சகத்தார், பந்தல்காரர் என நம் மேசையில் காத்திருக்கும் சீட்டுகளை இன்றே எடுத்துப் பார்ப்போமா?