அரை நொடி கழித்து வந்த குரல்

இரவு எட்டரை மணி. கைபேசி ஆட்டத்தில் வரும் பொச்சின்கி ஊரில் பாராசூட்டில் இறங்கியிருக்கிறோம். நான்கு பேர் அணி; ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. கையில் ஒரு துப்பாக்கி அகப்படுவதற்குள் மூன்று வீடுகள் என் காதுக்குள் வந்துவிட்டன. ஒரு வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. இன்னொன்றில் மின்விசிறிக் காற்று மைக்கில் மோதிப் புயல்போல் இரைகிறது. மூன்றாவதில் ஓர் அம்மா, “சாப்பிட வரியா, இல்ல போனைப் பிடுங்கி உடைக்கட்டுமா?” என்கிறார். மகன் எங்களிடம், “ரெண்டே நிமிஷம் ப்ரோ, சோனுக்குள்ளயே நில்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறான். மைக்கை அணைக்காமல்தான் போகிறான். அடுத்த பத்து நிமிடம் அவன் தட்டில் விழும் தோசைகளை நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம்.

பப்ஜியோ அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐயோ ஆடியவர்களுக்குத் தெரியும், இந்த ஆட்டத்தில் பாதி ஆயுதம் காதுதான். 8 கிலோமீட்டர் நீளம், 8 கிலோமீட்டர் அகலம் உள்ள வரைபடத்தில் 100 பேர் இறங்குகிறார்கள். கடைசியில் ஓர் அணிதான் மிஞ்சும். எதிரி மாடிப்படி ஏறுகிறானா, வெளியே நடக்கிறானா என்பதைக் காலடிச் சத்தத்தை வைத்தே பிடிக்க வேண்டும். சரியாக அந்த நொடியில் கூட்டாளி வீட்டுக் குக்கர் மூன்றாவது விசிலை விட்டால் நம் கதை முடிந்தது.

அதனால் தொந்தரவுக்காரர்களை நான் இனம் பிரித்தே வைத்திருந்தேன். மைக்கைத் திறந்து போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்பவர் ஓர் இனம். வாயருகே மைக்கை வைத்துக்கொண்டு சிப்ஸ் கொறிப்பவர் இன்னோர் இனம். தான் செத்த பிறகு உயிரோடு இருப்பவனுக்கு வர்ணனை செய்பவர்: “வலது பக்கம் ப்ரோ... வலது ப்ரோ... அய்யோ, போச்சு!” பத்து விநாடிக்கு ஒரு தடவை “ஸ்கோப் இருக்கா ப்ரோ?” என்று கேட்கும் சிறுவன். எல்லாருக்கும் என்னிடம் ஒரே மருந்துதான். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒலிபெருக்கிக் குறியைத் தொட்டால் ஆள் ஊமை. கல்யாணப் பந்தியிலோ பேருந்துப் பயணத்திலோ இப்படி ஒரு வசதி நமக்கு வாய்ப்பதில்லை.

முகம் தெரியாதவர்களை ஆட்டத்துக்குள் பேசவிடும் பழக்கம் புதிதல்ல. 2002 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் லைவ் தொடங்கியபோதே, அதில் சேர வாங்கும் பெட்டிக்குள் ஒரு ஹெட்செட்டையும் வைத்து விற்றார்கள். சேர்ந்து ஆடுகிறவர்கள் பேசிக்கொண்டு ஆடட்டும் என்ற எண்ணம்தான். பேச்சு வந்த வழியிலேயே வசையும் வந்து சேர்ந்தது. ஜான் சூலர் என்ற உளவியலாளர் 2004இல் எழுதிய கட்டுரையில் இதற்கு விளக்கம் இருக்கிறது. நாம் யாரென்று தெரியாத, நம் முகம் பார்க்க முடியாத இடத்தில் மனத்தின் தடுப்புகள் தளர்ந்துபோகின்றன. சிலர் வழக்கத்தைவிட மனம் திறந்து அன்பாகப் பேசுகிறார்கள், சிலர் வழக்கத்தைவிடக் கொடூரமாகப் பேசுகிறார்கள் என்கிறார் அவர்.

நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 2019இல் வந்த ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ், வாயே திறக்காமல் ஒரு பொத்தானால் எதிரியையும் பொருளையும் கூட்டாளிக்குச் சுட்டிக்காட்ட வழி செய்தது. 2023இல் கால் ஆஃப் டியூட்டி, குரல் உரையாடலில் வசைபாடுபவர்களைக் கண்டுபிடிக்கச் செயற்கை நுண்ணறிவை உட்கார்த்தி வைத்தது. முதலில் அது ஆங்கிலத்தை மட்டுமே கேட்டது. நம் ஊர் வசைகளைப் புரிந்துகொள்ள அது இன்னும் எத்தனை வகுப்பு படிக்க வேண்டுமோ!

எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவள் அக்கா மகள். கல்லூரியில் படிக்கிறாள். என்னைவிடப் பல மடங்கு நன்றாக ஆடுவாள். ஆனால் ஒரு நாளும் மைக்கைப் போட்டதில்லை. ‘எதிரே எதிரி’ என்பதுபோல ஆட்டத்திலேயே பதிவாகியிருக்கும் வாக்கியங்களைத் தொட்டுத் தொட்டே முழு ஆட்டத்தையும் நடத்திவிடுவாள். ஒரு தடவை கேட்டேன், “ஏம் பாப்பா, வாயைத் திறந்து சொன்னா சீக்கிரம் முடியுமே?”

“பேசினா முதல் கேள்வியே ‘நீ பொண்ணா’ன்னுதான் மாமா வரும். அதுக்கப்புறம் எவனும் கேமைப் பார்க்க மாட்டான்.”

நான் இனம் பிரித்து வைத்திருந்த பட்டியலில் இதற்கு இடமே இல்லை. குக்கர் இருந்தது, சிப்ஸ் இருந்தது. பெண்குரல் கேட்டதும் பல்லிளிப்பவன் இல்லை. ஏனென்றால் அவன் என் காலடிச் சத்தத்தைக் கெடுக்கவில்லை. எது எனக்கு இடைஞ்சலோ அதைத்தான் தொந்தரவு என்று எழுதி வைத்திருந்தேன். அப்போதும் பட்டியலில் அவனைச் சேர்த்துக்கொண்டேனே தவிர, பட்டியல் எழுதியவனைப் பற்றி யோசிக்கவில்லை.

அதற்கு இன்னொரு இரவு வந்தது. அன்று கூட வந்தவன் ஒரு பையன். ஹெட்செட் கிடையாது, போனின் ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்து ஆடிக்கொண்டிருந்தான். எல்லாரும் வெறுக்கும் இனம் இது. நாம் பேசுவது அவன் ஸ்பீக்கரில் வெளியே வந்து, அவன் மைக்கிலேயே புகுந்து, அரை நொடி கழித்து நம் காதுக்கே திரும்பி வரும். அந்தப் பையன் எறிந்த வெடிகுண்டு சுவரில் பட்டு என் காலடியிலேயே விழுந்தது. கடைசி ஐந்து அணிக்குள் வந்திருந்த ஆட்டம். கத்தினேன்.

அடுத்த கணம் ஒரு ஆள் என் காதில் கத்தினான்: “கண்ணு தெரியலையாடா? ஆடத் தெரியாதவன்லாம் எதுக்குடா வர்ற?”

அவ்வளவு கடுப்பான குரல். யாரோ நாலாவது ஆள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு சின்னப் பையனை இப்படியா பேசுவது என்று விரல் ஊமையாக்கப் போய்விட்டது. குறி மின்னியது அந்தப் பையனின் பெயருக்குப் பக்கத்தில். அவனோ வாயே திறக்கவில்லை. அவன் வீட்டுக்குள்ளிருந்து ஒரு முதிய பெண்குரல் மட்டும் கேட்டது: “யாருடா அது, உன்னை இப்பிடித் திட்டறது?”

“யாருமில்ல பாட்டி. கேமு.”

ஆட்டத்தில் எல்லார் குரலும் நமக்குக் கேட்கும். நம் குரலை மட்டும் அது நமக்குத் திருப்பித் தராது. அதனால்தான் உலகத்திலுள்ள இரைச்சலெல்லாம் வெளியிலிருந்தே வருவதுபோல் இருக்கிறது. அத்தனை பேர் வீடு என் காதுக்குள் வந்துவிட்டதாக நான் அலுத்துக்கொண்டிருந்த நாளெல்லாம், நானும் அத்தனை வீடுகளுக்குள் போயிருக்கிறேன். ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு பாட்டி காதுபட, அவர் பேரனைத் திட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆட்டத்துக்கு வெளியேயும் இதே கதைதான். அலுவலகத்தில் யார் குரல் உயர்கிறது, வீட்டில் யார் பேச்சு குத்துகிறது என்று கேட்டால் ஒவ்வொருவரும் வேறு யாரையாவது காட்டுவோம். கை மட்டும் நம் பக்கம் திரும்புவதில்லை. நம் குரல் எப்படி இருக்கிறது என்பது கேட்டவர்களுக்குத்தான் தெரியும். அவர்களில் பாதிப் பேர் என் அக்கா மகளைப்போல மைக்கை அணைத்துவிட்டவர்கள்.

“சாரி தம்பி” என்றேன். அதுவும் அரை நொடி கழித்துத் திரும்பி வந்தது. கேட்க அவ்வளவு மோசமாக இல்லை.

“பரவால்ல ப்ரோ” என்றான் பையன்.

இப்போதும் ஆடுகிறேன், குக்கர் இப்போதும் விசில் அடிக்கிறது. திரையில் ஒன்றை மட்டும் தாமதமாகக் கவனித்தேன். மற்ற மூன்று பெயர்களுக்குப் பக்கத்திலும் ஊமையாக்கும் குறி இருக்கிறது. என் பெயருக்கென்று இருப்பது மைக் ஒன்றுதான்.