முந்தியது யாருடைய சொல்? – கூட்டெழுத்தில் ஒழுங்கும் நீதியும் பற்றிய சில சிந்தனைகள்

'முன்', 'பின்' என்னும் சொற்களை நாம் நாளாந்தம் வழங்குகின்றோம். யார் முன்னர் வந்தார், யார் பின்னர் வந்தார் என்னும் வினாவுக்கு ஐயத்துக்கு இடமற்ற ஒரு விடை எங்கோ இருக்கின்றது என்றும், அதனைக் கண்டறிவதே எமது வேலை என்றும் நம்புகின்றோம். அந்நம்பிக்கை எவ்வளவு தளர்வானது என்பதை எமக்கு உணர்த்தியது ஒரு சிறு நிகழ்ச்சியாகும்.

நாம் நால்வர் ஒரு குழு ஒப்படையைக் கணனி வழியே கூடி எழுதினோம். மூவர் விடுதியில் இருந்தோம். நான்காமவரான நண்பி விடுமுறைக்குத் தமது ஊருக்குச் சென்றிருந்தார். அவ்வூரில் மாலையானால் கைத்தொலைபேசித் தொடர்பு அற்றுப்போவது வழக்கம். தொடர்பற்ற அந்நிலையிலேயே ஏழு மணியளவில் அவர் கட்டுரையின் மூன்றாம் பகுதியைத் திருத்தி எழுதினார். எட்டு மணியளவில் நாம் அதே பகுதியை வேறு விதமாகத் திருத்தினோம். இரவு பத்து மணிக்கு அவரது தொடர்பு மீண்டபோது, பழைய பிரதியின் மீது எழுதப்பட்டது என்னும் காரணத்தினால் அவருடைய திருத்தத்தை மென்பொருள் ஏற்கவில்லை. "நீர் பிந்திவிட்டீர்" என்றோம் நாம். "நான் முந்தியல்லவா எழுதினேன்" என்றார் அவர். இரு கூற்றுகளும் உண்மையே. ஆயினும் திருத்த வரலாற்றுப் பட்டியலில் அவரது பெயர் இடம்பெறவில்லை. யார் யார் உழைத்தனர் என்பது அப்பட்டியலைக் கொண்டே அறியப்பட்டமையால், உழையாதவர் என்னும் பெயர் அவருக்கு வந்தது. அதனை மறுத்துரைக்க நாமும் உடனே முன்வரவில்லை. கணனி பதிந்தது பொய்யாகாது என்று எண்ணினோம்.

இந்நிகழ்ச்சி எழுப்பும் வினா தொழில்நுட்பம் பற்றியது மட்டுமன்று. பலர் ஒருங்கே பேசும்போது எவரது சொல் நிலைக்க வேண்டும் என்பதை எந்த நியாயத்தின் பேரில் தீர்மானிப்பது? அத்தீர்மானத்தை ஒரு பொறியிடம் ஒப்படைத்தால், அதற்குப் பொறுப்பாளி யார்? இவ்வினாக்களே இக்கட்டுரையின் பொருளாகும்.

தூரத்தில் உள்ள பலர் ஒரே ஆவணத்தில் ஒரே வேளையில் தொழிற்படுதல் என்னும் எண்ணம் புதியதன்று. 1968 டிசெம்பர் 9 ஆம் திகதி சன் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பாட் நிகழ்த்திய செயல்விளக்கத்தில், ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மென்லோ பார்க்கில் இருந்த சகபாடி ஒருவர் அவருடன் ஒரே திரையிற் கூடித் தொழிற்பட்டுக் காட்டினார். அன்று தொட்டு வளர்ந்த இம்முறையின் அடித்தளத்தில், எமது கண்ணுக்குப் புலனாகாத ஓர் அடுக்கு மென்பொருள் உண்டு. எழுதுவோனின் கணனிக்கும் ஏனையோரின் கணனிகளுக்கும் இடையே நின்று, ஒவ்வொரு விசையழுத்தத்தையும் ஒரு செய்தியாக்கிக் கொண்டு சேர்ப்பது அது. அதனை இடைநிலை மென்பொருள் என்பர். தபாற் கந்தோர் ஒன்றுடன் அதனை ஒப்பிடலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தபாற் கந்தோர் கடிதங்களைச் சேர்ப்பிப்பதோடு அமையும். இடைநிலை மென்பொருளோ, பல வேளைகளில், எக்கடிதம் முதலில் எழுதப்பட்டதாகக் கொள்ளப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துத் தீர்மானிக்கின்றது.

கடிகாரத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாகாதா எனச் சிலர் வினவக்கூடும். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். எனவே 10,000 கிலோமீற்றர் தொலைவுக்கு ஒரு செய்தி செல்வதற்குக் குறைந்தது 50 மில்லிசெக்கன் வேண்டும். இதனை எந்தப் பொறியியலாளராலும் வெல்ல முடியாது. மேலும், இரு கணனிகளின் கடிகாரங்கள் என்றும் முற்றாக ஒத்திருப்பதில்லை. அவற்றை ஒத்திசைக்க அனுப்பும் செய்தியும் அதே தாமதத்துக்கு உட்பட்டதே. 1905 இல் ஐன்ஸ்ரைன், ஒருங்குநிகழ்வு என்பது நோக்குவோனைச் சார்ந்தது எனக் காட்டினார். 1978 இல் லெஸ்லி லாம்போட் என்னும் கணனி அறிஞர், அச்சிந்தனையின் சாயலைக் கணனி வலையமைப்புகளிற் கண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். இத்துறையின் மூலக்கட்டுரைகளுள் ஒன்றாக அது இன்றும் மதிக்கப்படுகின்றது.

லாம்போட்டின் வாதம் எளிமையானது. ஒரே கணனியில் நிகழ்வனவற்றுக்கு முன்பின் உண்டு. ஒரு செய்தியை அனுப்புதல் அதனைப் பெறுதலுக்கு முந்தியது. முதலாவது இரண்டாவதற்கும், இரண்டாவது மூன்றாவதற்கும் முந்தியதாயின் முதலாவது மூன்றாவதற்கும் முந்தியது. இம்மூன்று விதிகளாலும் இணைக்கப்படாத இரு நிகழ்வுகள் ஒன்றுக்கொன்று முந்தியனவுமல்ல, பிந்தியனவுமல்ல. அவை ஒன்றையொன்று அறியாதவை. எமது நண்பியின் திருத்தமும் எமது திருத்தமும் இத்தகையனவே. அவர் எழுதியதை அறியாமல் நாம் எழுதினோம். நாம் எழுதியதை அறியாமல் அவர் எழுதியிருந்தார். இயற்கையில் உள்ளது இத்தகைய குறை ஒழுங்கே. எல்லாவற்றையும் ஒரே நிரையில் நிறுத்தும் முழு ஒழுங்கு வேண்டுமாயின், அதனை நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். லாம்போட்டும் அவ்வாறே செய்தார். நிகழ்வுகளுக்கு எண்கள் இட்டார். இரு எண்கள் சமமாக வரும்போது, கணனிகளுக்கு முன்கூட்டியே இட்ட ஏதோவொரு வரிசையைக் கொண்டு தீர்த்தார். அவ்வரிசை தன்னிச்சையானது என்பதை அவர் மறைக்கவில்லை.

இங்கேதான் அறவியல் வினா தொடங்குகின்றது. தன்னிச்சையான விதி ஒன்றினால் தீர்ப்பது அநீதியா? அன்று என்பதே எனது கருத்து. 2022 ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகளில் நின்றவர்கள் இதனை இலகுவில் விளங்கிக்கொள்வர். முந்தி வந்தோர்க்கு முதலில் என்னும் விதி முதல் நோக்கில் நீதியாகத் தோன்றும். ஆனால் நிரப்பு நிலையத்துக்கு அண்மையில் வாழ்ந்தவருக்கும், இரவு முழுவதும் வரிசையிற் காத்து நிற்க ஆள் வைத்திருந்தவருக்கும் அவ்விதி சார்பானதாயிற்று. பின்னர் வாகன இலக்கத்தின் இறுதி எண்ணைக் கொண்டு நாள்கள் பகிரப்பட்டன. இறுதி எண்ணில் எவ்விதத் தகுதியும் இல்லை என்பது எல்லோரும் அறிந்ததே. அவ்வாறு அறிந்திருந்தமையாலேயே அவ்விதி எவரையும் இழிவுபடுத்தவில்லை. தமக்குரிய நாள் வராதவரை யாரும் சோம்பேறி எனக் கூறவில்லை.

ஆகவே குற்றம் தன்னிச்சையில் இல்லை. தன்னிச்சையான தீர்ப்பை இயற்கை உண்மையாக வேடமிட்டுக் காட்டுவதிலேயே குற்றம் உளது. 'இறுதியாக எழுதியவர் வெல்வார்' என்னும் விதியைப் பல மென்பொருள்கள் கையாள்கின்றன. அவ்விதியின்படி, விரைந்தோடும் கடிகாரத்தைக் கொண்ட கணனி தொடர்ந்து வெல்லும் வாய்ப்பைப் பெறுகின்றது. 'முதலில் வந்து சேர்ந்தது நிலைக்கும்' என்னும் விதியின்படி, வழங்கிக்கு அண்மையில் நல்ல தொடர்புடன் இருப்பவர் வெல்வார். இரண்டிலும் வெல்வது கருத்தின் தகுதியன்று. கடிகாரமும் தூரமும் இணைப்புக் கட்டணமுமே வெல்கின்றன. ஆனால் பட்டியலில் அவை எழுதப்படுவதில்லை. அங்கே மனிதரின் பெயர்களும் நேரங்களும் மட்டுமே எழுதப்படுகின்றன.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறலாம். தொடர்பு அறுந்த வேளையில் ஏதேனும் ஒன்றை இழந்தேயாக வேண்டும் என்பதே அது. இது வலுவான மறுப்பு. 2000 ஆம் ஆண்டில் எரிக் புறூவர் இக்கருத்தை முன்வைத்தார். 2002 இல் செத் கில்பேட்டும் நான்சி லிஞ்சும் அதனை நிறுவினர். வலையமைப்பு துண்டுபட்டிருக்கும்போது எல்லோருக்கும் ஒரே பிரதியைக் காட்டுவதும், எல்லோரது வேண்டுகோளுக்கும் விடையளிப்பதும் ஒருங்கே இயலா. தொடர்பற்றவரை எழுதவிடாமல் தடுக்கலாம். அல்லது எழுதவிட்டுப் பின்னர் முரண்பாட்டைத் தீர்க்கலாம். ஆனால் இம்மறுப்பு நிறுவுவது யாது? தெரிவு ஒன்று தவிர்க்க முடியாதது என்பதையேயாகும். அத்தெரிவின் சுமையை எப்போதும் தொலைவில் உள்ளவரே தாங்க வேண்டும் என்பதை அது நிறுவவில்லை. தெரிவு உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டு.

எதனையும் இழக்காத வழியைத் தேடியவர்களும் உளர். 1989 இல் எல்லிஸ், கிப்ஸ் ஆகிய இருவரும் ஒருவரது செய்கையை மற்றவரது செய்கைக்கு ஏற்ப உருமாற்றும் முறையொன்றை வகுத்தனர். நான் வரியின் தொடக்கத்தில் ஓரெழுத்தைச் சேர்த்தால், ஐந்தாம் எழுத்தை அழிக்க நீங்கள் இட்ட கட்டளை என் பிரதியில் ஆறாம் எழுத்தை அழிப்பதாக மாற்றப்படும். 2007 இல் அமேசன் நிறுவனத்தார் தமது டைனமோ என்னும் களஞ்சியத்தைப் பற்றி எழுதினர். வாங்குவோரின் கூடையில் சேர்த்தது எதுவும் தொலையாதவாறு முரண்படும் பிரதிகள் யாவற்றையும் காத்துப் பின்னர் இணைப்பதாகவும், அதன் விளைவாக நீக்கிய பொருள் சில வேளை மீண்டும் தோன்றக்கூடும் என்றும் அவர்கள் கூறினர். 2011 இல் மாக் ஷாப்பிறோ முதலியோர், எவ்வொழுங்கில் வந்து சேர்ந்தாலும் ஒரே முடிவுக்கு வந்தடையும் தரவு வகைகளை முறைப்படுத்தினர்.

இம்முயற்சிகள் பாராட்டுக்குரியன. எனினும் இவற்றால் வினா முடிந்துவிடுவதில்லை. 'கூட்டம் பத்து மணிக்கு' என்னும் வரியில் ஒருவர் பத்தை ஒன்பதாக்குகின்றார். அதே வேளையில் மற்றவர் அதனைப் பதினொன்றாக்குகின்றார். இரண்டையும் காக்கும் பொறி 'கூட்டம் ஒன்பதுபதினொன்று மணிக்கு' என்னும் வரியை எல்லாத் திரைகளிலும் தோற்றுவிக்கக்கூடும். எல்லாப் பிரதிகளும் ஒன்றாகிவிட்டன. மனிதர் எவரும் உடன்படவில்லை. எழுத்துகளை இணைப்பது வேறு. கருத்துகளை இணைப்பது வேறு. முதலாவதைப் பொறி செய்யும். இரண்டாவதற்கு இருவரும் பேசியே ஆக வேண்டும்.

லாம்போட்டின் கட்டுரையில் இன்னொரு நுட்பமான எடுத்துக்காட்டு உண்டு. ஒருவர் தம் கணனியில் ஒரு வேண்டுகோளை இட்டபின், வேறு நகரிலுள்ள நண்பரைத் தொலைபேசியில் அழைத்து இன்னொரு வேண்டுகோளை இடச் சொல்கின்றார். இரண்டாவது முதலாவதன் விளைவே. ஆயினும் பொறி இரண்டாவதை முந்தியதாகக் கணிக்கக்கூடும். தொலைபேசி உரையாடல் அதன் வழியாகச் செல்லவில்லை என்பதே காரணம். தன்னூடாகச் சென்றவற்றை மட்டுமே பொறி அறியும். வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாகக் காட்டினார். துலாக்கோல் ஒருபாற் கோடாது என்பது உண்மை. ஆனால் தட்டில் வைக்கப்படாததை அது நிறுப்பதும் இல்லை. தட்டில் எதனை வைப்பது என்பதைத் தீர்மானிப்பவன் மனிதனே. கோலின் நேர்மையைக் காட்டி அவன் தன் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

இவற்றிலிருந்து மூன்று கடமைகள் பெறப்படுகின்றன என்பது எனது துணிபு. முதலாவது, பொறி ஓர் ஒழுங்கை ஆக்கும்போது, அது ஆக்கப்பட்ட ஒழுங்கே என்பதை மறைக்கலாகாது. ஒன்றையொன்று அறியாத இரு திருத்தங்கள் வந்தால், 'இவை இரண்டும் ஒருங்கு எழுந்தவை' என அது கூற வேண்டும். இரண்டாவது, ஒரு சொல்லை ஏற்காமல் விடுவது அதனை அழித்துவிடுவதற்கு உரிமை ஆகாது. ஏற்கப்படாததும் எழுதியவரின் பெயருடன் பேணப்பட வேண்டும். மூன்றாவது கடமை வாசிப்போராகிய எம்முடையது. பட்டியலில் இல்லாத பெயரைக் கண்டு, அவர் உழைக்கவில்லை என முடிவு செய்வதற்கு முன்னர், அவரிடம் கேட்க வேண்டும்.

எமது நண்பியின் பிரதி அவருடைய கைத்தொலைபேசியில் எஞ்சியிருந்தது. பல நாள்களின் பின்னரே நாம் அதனை வாங்கி வாசித்தோம். எமது திருத்தத்தில் இருந்த பிழை ஒன்றை அவர் அதில் முன்கூட்டியே நீக்கியிருந்தார். விரிவுரையாளரிடம் சென்று நடந்ததைக் கூறினோம். அவர் பொறுமையாகக் கேட்டு, பதிவைத் திருத்தினார். புள்ளிகள் சரிசெய்யப்பட்டன. ஆனால் 'நீர் பிந்திவிட்டீர்' என்று நாம் கூறிய வேளையில் அவர் எம் முன் தனித்து நின்றதை எந்தப் பதிவிலும் திருத்த முடியாது. அன்று பொறி ஒரு விதியை மட்டுமே பின்பற்றியது. அவ்விதியைத் தீர்ப்பாக ஏற்றுக்கொண்டவர்கள் நாமே.