பன்னி ஹாப்பும் ஒரு தேவாரமும்



இந்த மாதச் சிந்தனைக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு சைக்கிள். சிரிக்காதீங்க. 20 அங்குலச் சக்கரம் வைத்த பிஎம்எக்ஸ் சைக்கிள்தான். பதினாறு வயதில் எனக்கு அதுதான் உலகம். பள்ளி விட்டு வந்தால் தாமான் கூடைப்பந்துத் திடல். அம்மா விளக்கேற்றும் நேரத்துக்குத்தான் வீடு.

அதில் முதலில் பழக வேண்டிய வித்தை ‘பன்னி ஹாப்’. இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்ப வேண்டும். பார்க்கிறவர்களுக்கு, ஹேண்டலைப் பிடித்து இழுத்தால் போதும் என்று தோன்றும். அது அப்படி வராது. முழங்காலை மடக்கி உடம்பைத் தாழ்த்த வேண்டும். கையை நீட்டி எடையைப் பின்னுக்குக் கொண்டு போனால் முன் சக்கரம் எழும்பும். உடனே நிமிர்ந்து இடுப்பை ஹேண்டல் பக்கம் கொண்டு வர வேண்டும். பிறகு ஹேண்டலை முன்னால் தள்ளி, கால் விரலைக் கீழே சாய்த்து, பெடலைப் பின்பக்கமாக அள்ள வேண்டும். அப்போதுதான் பின் சக்கரமும் மேலே வரும். இத்தனையும் ஒரு நொடிக்குள்.

எனக்கு அது வர மூன்று மாதம் ஆனது. பெடல் குத்திய தழும்பு இன்னும் காலில் இருக்கு. அம்மா மஞ்சள் பத்து போட்டுக்கொண்டே திட்டுவார். ஆனால் ஒரு நாள்கூட ‘எனக்கு இது வராது’ என்று நான் சொன்னதில்லை.

அந்த ஆண்டுதான் பாட்டி இறந்துட்டாங்க. வீட்டில் உறவினர்கள் சூழ்ந்து நின்றபோது சித்தப்பா என்னைப் பார்த்து, “நீதானேப்பா சமய வகுப்புக்குப் போற, பாட்டிக்கு ஒரு தேவாரம் பாடு” என்றார். தொடங்கினேன். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வரவில்லை. மறுபடியும் முதல் வரி. அப்புறம் தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் எடுத்துப் பாடி முடித்தார்.

அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை. ஒரு குதிப்புக்காக மூன்று மாதம் விழுந்து எழுந்தவன் நான். அதே தேவாரத்தை வகுப்பில் இரண்டே முறை முயன்று, “நாக்கு வரல அண்ணே” என்று விட்டவனும் நான்தான். எனக்குத் திறமை இருந்தது, நேரம் இருந்தது. மனசுதான் அங்கே இல்லை.

இதை வகுப்பு அண்ணனிடம் சொன்னேன். அவர் பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயத்தை எடுத்துக் காட்டினார். மனம் அலைகிறது, காற்றைப் பிடிப்பது போல அதைப் பிடிப்பது கடினம் என்கிறான் அர்ஜுனன். கண்ணன் அதை மறுக்கவில்லை. ஆமாம், கடினம்தான் என்று ஒத்துக்கொள்கிறார். பிறகு இரண்டு வழி சொல்கிறார். ஒன்று அப்யாசம், அதாவது விடாத பயிற்சி. இன்னொன்று வைராக்கியம், அதாவது பற்று விடுதல்.

அப்யாசம் எனக்கு உடனே புரிந்தது, என் கால் தழும்பே சாட்சி. வைராக்கியம் புரியக் கொஞ்ச நாள் ஆனது. ஒரு நாள் நண்பன் கைப்பேசியில் படம் பிடிக்கிறான் என்பதற்காக, சரியாகப் பழகாத ஒரு திருப்பத்தைப் படிக்கட்டில் முயன்றேன். மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. என் கண் படியில் இல்லை, படம் எப்படி வரும் என்பதில் இருந்தது. பலன் மேல் வைத்த பற்று செயலையே கெடுத்துவிடும் என்பதை எலும்பு முறிந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பிஎம்எக்ஸ் ஃப்ரீஸ்டைல் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது தோக்கியோவில், 2021-இல். பெண்கள் இறுதிச் சுற்றில் பிரிட்டனின் சார்லட் வொர்திங்டன், அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றியபடியே பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கும் வித்தையை முயன்று, முதல் ஓட்டத்திலேயே விழுந்தார். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாம் ஓட்டத்தில் பத்திரமான வேறொன்றைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அவர் அதே வித்தையையே செய்து முடித்தார். 97.50 புள்ளி, தங்கம். விழுந்ததை அவர் மனதில் தூக்கிக்கொண்டு போகவில்லை. எனக்கு வைராக்கியத்துக்கு அதுவே நல்ல எடுத்துக்காட்டு.

ஒன்றை மட்டும் தம்பிகளுக்குச் சொல்லியாக வேண்டும். துணிச்சல் வேறு, கண்மூடித்தனம் வேறு. 2017-இல் ஜொகூர் பாருவில், மாற்றியமைத்த ‘லாஜாக்’ சைக்கிள்களோடு அதிகாலைச் சாலையில் இருந்த பிள்ளைகள் மீது கார் மோதி, 8 பேர் உயிரிழந்தார்கள். யார் மேல் தவறு என்று பேச நான் வரவில்லை. அந்த எட்டு வீட்டு அம்மாக்களை மட்டும் நினைத்துப் பாருங்க. இந்த உடம்பு இறைவன் தந்தது. ஹெல்மெட் போடுங்க, பிரேக்கைக் கழற்றாதீங்க, சாலையை விட்டுத் திடலுக்கு வாங்க.

தேவாரக் கதைக்கு வருகிறேன். பன்னி ஹாப்பைப் பிரித்துப் பழகிய மாதிரியே பாடலையும் பிரித்தேன். ஒரு வாரத்துக்கு ஒரு வரி. பொருள் கேட்டேன், பதம் பிரித்தேன், சைக்கிள் ஓட்டும்போதும் முணுமுணுத்தேன். பாட்டியின் முதலாண்டுத் திதியில் படத்துக்கு முன் நின்று பாடினேன். குரல் நடுங்கியது. இரண்டாவது வரி வந்தது. கடைசி வரியும் வந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கற்பூரத் தட்டை என் கையில் கொடுத்தார்.

நண்பர்களே, ‘எனக்குச் சமயம் வராது, தமிழ் வராது’ என்று சொல்கிறவர்கள் நம்மில் நிறைய பேர். உங்களுக்கு கிட்டார் வந்தது, ஃபுட்சால் வந்தது, கணினி விளையாட்டில் இருபதாவது கட்டம்கூட வந்தது. அங்கே எத்தனை முறை தோற்றீர்கள் என்று எண்ணினீர்களா? இங்கே மட்டும் ஏன் இரண்டாவது முறையிலேயே நிறுத்துகிறோம்?

இந்த வாரம் ஒரு வரி. அவ்வளவுதான். விழுந்தால் எழுந்து மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்குங்க. இறைவன் அருள் துணை நிற்கும்.

திருச்சிற்றம்பலம்.