வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

கணவனுக்கோ மனைவிக்கோ நிரந்தர வசிப்பிடத் தகுதி கேட்டு விண்ணப்பிப்பவர் அரசிடம் அடிப்படையில் ஒன்றைத்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது: எங்கள் உறவு உண்மையானது. அதற்குத் திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சேர்ந்து எடுத்த படங்கள் என்று ஒரு கோப்பே தயாராகிறது. ஆனால் கல்யாணம் தனியாக வருவதில்லை. கொழுந்தன், நாத்தனார், மச்சான் என்று ஆட்களோடுதான் வருகிறது. அவர்களில் ஒருவருக்கு பெர்மிட் இல்லையென்றால், 'எங்கள் உறவு உண்மையானது' என்று சொல்லும் அதே வாய் இன்னோர் உறவைப் பற்றி என்ன சொல்வது?

எனக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. வேலை ஓய்வுக்குப் பிறகு எங்கள் தாமானில் பலருக்கும் பாரம் எழுதிக் கொடுக்கிறேன். 2024இல் ஒரு பெண் வந்தாள். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) இங்கே பிறந்தவள், கணவர் தமிழ்நாட்டுக்காரர். நீண்டகாலச் சமூக வருகை பாஸைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஐந்து வருடம் முடித்துவிட்டார்கள். இனி பி.ஆர். கேட்கலாம். எல்லாம் எழுதி முடித்த பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அங்கிள், அவரோட தம்பியும் எங்க வீட்லதான் இருக்கான். வீட்ல வேற யாரு இருக்கான்னு கேட்டா என்ன சொல்றது?"

தம்பி திருட்டுத்தனமாக வந்தவன் அல்ல. சாப்பாட்டுக் கடை வேலைக்கு முறையான பெர்மிட்டில் வந்தவன். புதுப்பிக்கப் பணம் வாங்கிக்கொண்ட முதலாளி புதுப்பிக்கவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்தபோது அவன் 'கோசோங்' ஆகியிருந்தான். அவன் செய்தது எதுவும் மாறவில்லை. ஒரு தேதி மட்டும் கடந்திருந்தது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 55இ பிரிவு, சட்டவிரோதக் குடியேறியைத் தன் இடத்தில் தங்கவிடும் வீட்டுக்காரருக்கு ஒரு நபருக்கு 5,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. அதாவது தம்பிக்குச் சோறு போடும் அண்ணியும் சட்டத்தின் பார்வையில் குற்றவாளி. அவளுக்கு இழப்பும் பெரிது. மலேசியரின் வெளிநாட்டு மனைவி குடியுரிமை கேட்க அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு வழி விடுகிறது. வெளிநாட்டுக் கணவனுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. அவருக்கு அந்தச் சிவப்பு ஐசியே பெரிய கனவு.

இங்கே இரண்டு பதில்கள் உடனே கிடைக்கும். 'சட்டம்னா சட்டம்தான்' என்பது ஒன்று. 'சொந்தம்னா சொந்தம்தான்' என்பது இன்னொன்று. இந்தச் சண்டை பழையது. ஆடு திருடிய தகப்பனைக் காட்டிக்கொடுத்த மகனை நேர்மையானவன் என்று ஒருவர் புகழ, எங்கள் ஊரில் தகப்பனும் மகனும் ஒருவரை ஒருவர் மறைப்பார்கள், நேர்மை அதில்தான் இருக்கிறது என்றார் கன்பூசியஸ். பிளேட்டோவின் யூதைஃப்ரோவோ தன் தகப்பன் மீதே கொலை வழக்குப் போடப் போகிறவன். அதையே புண்ணியம் என்கிறவன். சாக்ரடீஸ் அவனுடைய உறுதியைத்தான் சந்தேகிக்கிறார்.

ஆனால் அந்த ஆட்டுக்கு ஒரு சொந்தக்காரன் இருந்தான். தம்பியின் விஷயத்தில் ஆட்டுக்குச் சொந்தக்காரன் யார்? யாருமில்லை என்று சொல்லிவிட முடியாது. வரிசையில் நின்று, ஒவ்வொரு முறையும் கட்டணம் கட்டி பாஸ் புதுப்பித்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணே அவர்களில் ஒருத்தி. பெர்மிட் இல்லாதவனைக் குறைந்த சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள முடிவதால் வேலை கிடைக்காத உள்ளூர்க்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய நியாயத்தை நான் தள்ளவில்லை.

அதே சமயம், மலேசியத் தமிழனாக அந்தக் கோட்டை எனக்குக் கல்லில் செதுக்கியதாகப் பார்க்க முடியவில்லை. 1953 ஆகஸ்டுக்கு முன் என் தாத்தா போன்றவர்கள் கப்பலேறி வர இன்றைக்குப் போல் கெடுபிடி இருக்கவில்லை. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, பல்லாண்டு பால் வெட்டிய ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர்கள் சிவப்பு ஐசியோடு வேலை இழந்து இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். என் பாட்டியின் தம்பி அப்படிப் போனவர். பாட்டிக்கு நீல ஐசி, தம்பிக்குச் சிவப்பு. ஒரே வயிற்றில் பிறந்த இருவரில் யார் இந்த ஊர்க்காரர் என்பதை ஒரு பாரத்தை யார் நேரத்துக்கு நிரப்பினார் என்பதே தீர்மானித்தது. இதனால் சட்டம் பொய் என்றாகிவிடாது. ஆனால் அதன் தவறான பக்கத்தில் நிற்பவனை ஒழுக்கம் கெட்டவன் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

சரி, பொய் சொல்லலாமா? கொலைகாரன் வாசலில் வந்து கேட்டாலும் பொய் கூடாது என்று 1797இல் எழுதினார் கான்ட். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் நிற்கும் என்பது வள்ளுவர் கணக்கு. நம்மவர்கள் வள்ளுவரைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஆனால் 'குற்றமற்ற' என்ற நிபந்தனை லேசானது அல்ல. அந்தக் கோப்பு முழுவதும் 'இந்தத் திருமணம் உண்மை' என்ற ஒரே சொல்லின் மேல் நிற்கிறது. அதில் ஒரு பொய்யைச் செருகினால், மாட்டிக்கொள்ளும் நாளில் உண்மையான கல்யாணமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். பொய்த் தகவல் தருவது தனிக் குற்றமும் கூட. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது வேறு. கேட்டதற்குப் பொய் சொல்வது வேறு. இந்த எல்லையை நான் விடமாட்டேன்.

ஆனால் பேசப் பேச, பெரிய கேள்வி கவுண்டரில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது என்று புரிந்தது. தம்பி அங்கே என்ன செய்கிறான் என்று கேட்டேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறான், சமைக்கிறான், சொந்தக்காரர் ஒருவரின் ஒட்டுக்கடையில் ராத்திரி வரை நிற்கிறான். "சம்பளம்?" "அப்பப்ப குடுப்பாங்க அங்கிள். சாப்பாடு, தங்கறது எல்லாம் நம்ம பாக்குறோம்ல." பாஸ்போர்ட்? கடைக்காரரிடம், 'பத்திரமா' இருக்கிறது. இப்போது பி.ஆர். விஷயம் முடியும்வரை அவனை எங்காவது கொங்சியில் விட்டுவிடலாம் என்றும் யோசனை. "வீட்ட க்ளீனா வச்சுக்கணும்ல."

அவள் கெட்டவள் அல்ல. ஆனால் அடைக்கலம் எப்படி உடைமையாக மாறுகிறது என்பதை அந்தச் சொல்லில்தான் கண்டேன். நாம் வாயை மூடிக்கொண்டிருப்பதால் அவன் பிழைக்கிறான். அதே மௌனத்தால் அவன் வாயும் மூடிக் கிடக்கிறது. சம்பளம் கேட்க முடியாது, கோபித்துக்கொண்டு வெளியேற முடியாது, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். அடுத்தவர் பாஸ்போர்ட்டை அதிகாரமில்லாமல் வைத்திருப்பது 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். சொந்தக்காரர் வைத்திருந்தால் அதற்குப் பெயர் பாசம் ஆகிவிடுகிறது. அரசுக்கு அவன் ஒரு குற்ற எண். குடும்பத்துக்கோ, வசதியான போது தம்பி, வசதியில்லாத போது அழுக்கு.

என் பதில் இதுதான். அரசிடம் சொல்வதா மறைப்பதா என்பது ஒரு உறவின் நேர்மையை முழுமையாக அளக்காது. அவன் பயத்தில் நாம் லாபம் பார்க்கிறோமா என்பதே என் அளவுகோல். லாபம் பார்க்காத மௌனத்தை நான் புரிந்துகொள்வேன். லாபம் பார்க்கும் மௌனம், கன்பூசியஸே வந்து வாதாடினாலும், அடைக்கலம் ஆகாது.

அவளிடம் மூன்று சொன்னேன். பாரத்தில் பொய் எழுதித் தரமாட்டேன். பாஸ்போர்ட்டையும் பாக்கிச் சம்பளத்தையும் அவன் கையில் கொடுங்கள். அப்புறம் அவனை உட்காரவைத்துப் பேசுங்கள். அந்த வருடம் மார்ச் 1 முதல் தாயகம் திரும்பும் திட்டம் நடப்பில் இருந்தது. பாஸ் காலாவதியானவர்கள் 500 ரிங்கிட் அபராதம் கட்டி, வழக்கில்லாமல் ஊர் போகலாம். போவதா இருப்பதா என்பதை, அதன் விலை தெரிந்து, அவன் சொல்லட்டும். அவனில்லாமல் அவனைப் பற்றி நீங்கள் மூன்று பேரும் முடிவெடுக்காதீர்கள். நானும் அந்த மூன்றில் ஒருவன்தான்.

"அவன்கிட்ட இதெல்லாம் யாரும் கேட்டதே இல்ல அங்கிள்" என்றாள். எனக்குக் கூலி கொடுக்க வந்தவள், அந்தப் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். முதல் பாக்கி அவனுக்குத்தானே என்றாள்.